விளையாட்டுக் கன்சோலும் கம்ப்யூட்டரும்: விலை, செலவு, திறன்

கடையில் ஒரு பொருளுக்குக் கொடுக்கப்படும் தொகை விலை எனப்படும். அப்பொருளை வாங்கிய நாள் முதல் அது பயனற்றுப்போகும் நாள் வரையில் அதற்காக ஆகும் தொகை முழுவதும் செலவு எனப்படும். இவ்விரண்டும் சமமாயிருப்பது அரிது. மின்னணுக் கருவிகளில் இவ்வேற்றுமை பெரியது. அதை விளக்குவதற்கு விளையாட்டுக் கன்சோல் மிகவும் ஏற்ற உதாரணமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விமானப் படைக்கு நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சிசாலை உண்டு. அங்கே 2010-ஆம் ஆண்டில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் அமைக்கப்பட்டது. 'காண்டர்' எனப் பெயரிடப்பட்ட அந்த யந்திரத்தின் பெரும் பகுதி, சிறுவர்கள் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 3 கன்சோல்களால் ஆனது. மொத்தம் 1,760 கன்சோல்கள் அதில் இணைக்கப்பட்டிருந்தன. ராடார் படங்களை ஆராய்தல், உருவங்களை இனங்காணுதல் ஆகிய பணிகளுக்காக அது அமைக்கப்பட்டது. போர் விமானங்களுக்குப் பொறுப்பான ஓர் ஆராய்ச்சிசாலை விளையாட்டுச் சாமானை மொத்தமாக வாங்க நேர்ந்தது ஏன்? இக்கேள்விக்கு விடை காண்பதன் மூலம் கன்சோலையும் கம்ப்யூட்டரையும் ஒப்பிடும் முறை தெளிவாகும்.

இரண்டும் கம்ப்யூட்டரே

அடிப்படை அமைப்பில் கன்சோலும் ஒரு கம்ப்யூட்டரே. கணக்கிடும் பிராசஸர், படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதி, நினைவகம், தகவல்களைச் சேமிக்கும் தட்டு ஆகியவை இரண்டிலும் உள்ளன. வேற்றுமைகள் மூன்று. முதலாவதாக, கன்சோலின் உறுப்புகளை அதைத் தயாரிக்கும் கம்பெனியே நிர்ணயிக்கிறது. வாங்குபவர் பிராசஸரையோ நினைவகத்தையோ மாற்ற இயலாது. இரண்டாவதாக, கன்சோல் விளையாட்டையே பிரதான நோக்கமாகக் கொண்டு அமைக்கப்படுகிறது. கம்ப்யூட்டரோ கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், பாடம் படித்தல், புரோகிராம் எழுதுதல் என எல்லா வேலைக்கும் பொதுவானது. மூன்றாவதாக, கம்ப்யூட்டரில் எந்தப் புரோகிராமை இயக்குவது என்பதை அதன் உடைமையாளர் தீர்மானிக்கிறார்; கன்சோலில் அதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். இம்மூன்றாவது வேற்றுமை விலையோடு நெருங்கிய தொடர்புடையது என்பது பின்னர் விளங்கும்.

ஒரே விதமான உறுப்புகள் இருப்பதால் கன்சோலுக்கு ஒரு நன்மையும் உண்டு. விளையாட்டுப் புரோகிராம் எழுதுவோர் லட்சக்கணக்கான கன்சோல்களும் ஒரே மாதிரியானவை என்பதை அறிந்து, அவற்றின் திறன் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கம்ப்யூட்டர்களோ ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. ஆகையால் சம சக்தி வாய்ந்த உறுப்புகளைக் கொண்டிருந்தாலும், விளையாட்டில் கன்சோல் சற்று மேலாகத் தோன்றுவதுண்டு.

செல் பிராசஸரின் அமைப்பு

பிளேஸ்டேஷன் 3 கன்சோலில் 'செல்' என்னும் பிராசஸர் இடம்பெற்றது. சோனி, தோஷிபா, ஐ.பி.எம். ஆகிய மூன்று கம்பெனிகளும் 2001-ல் கூட்டாகத் தொடங்கிய முயற்சியின் பலன் அது. அதன் அமைப்பை ஒரு கணக்கு அலுவலகத்துக்கு ஒப்பிடலாம். தலைமைக் கணக்கர் ஒருவர். அவருக்குக் கீழ் உதவிக் கணக்கர் எண்மர். ஒவ்வோர் உதவிக் கணக்கருக்கும் 256 கிலோபைட் அளவுள்ள ஒரு சிறு மேஜை. வேலையை எட்டாகப் பகிர்ந்து கொடுத்தால் எண்மரும் ஒரே சமயத்தில் கணக்கிடுவர். பகிர்ந்து கொடுக்க இயலாத வேலையாயின், எண்மர் இருந்தும் பயனில்லை.

எட்டு உதவிப் பகுதிகளில் ஒன்று கன்சோலில் செயலற்றதாக விடப்பட்டது. தயாரிப்பின்போது ஒரு பகுதியில் குறை நேர்ந்த பிராசஸரையும் வீணாக்காமல் உபயோகிக்கலாம் என்பதே இதற்குக் காரணம். செலவைக் குறைக்கும் உபாயங்களில் இதுவும் ஒன்று. எஞ்சிய ஏழில் ஒன்று கன்சோலின் சொந்த நிர்வாகத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே வெளியார் எழுதும் புரோகிராம்களுக்குக் கிடைத்தவை ஆறு.

திறனை அளக்கும் முறை

விஞ்ஞானக் கணக்குகளில் பிராசஸரின் உச்ச வேகம், பின்ன எண்களைக் கொண்டு ஒரு வினாடியில் எத்தனை கணக்குகள் செய்யக்கூடும் என்பதால் அளக்கப்படுகிறது. செல் பிராசஸரின் ஒவ்வோர் உதவிப் பகுதியும் வினாடிக்கு 2,560 கோடி கணக்குகள் செய்ய வல்லது. ஆறு பகுதிகளும் சேர்ந்து 15,360 கோடி. அதே 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் 2 டுயோ இ6600 என்னும் கம்ப்யூட்டர் பிராசஸரின் உச்ச வேகம் வினாடிக்கு 3,840 கோடியாகும். இந்த அளவில் கன்சோல் நான்கு மடங்கு விஞ்சி நிற்கிறது.

எனினும் இந்த எண்கள் சுமார் 7 இலக்கத் துல்லியம் உள்ள கணக்குகளுக்கே பொருந்தும். விளையாட்டில் ஒரு மரத்தின் நிழலை வரைவதற்கு 7 இலக்கங்கள் போதுமானவை. ஆனால் ஒரு பாலத்தின் உறுதியைச் சோதிப்பதற்கோ வானிலையைக் கணிப்பதற்கோ கோடிக்கணக்கான படிகளைக் கடந்து செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் நேரும் சிறு பிழை பெருகிவிடும். அத்தகைய வேலைகளுக்குப் பெரும்பாலும் சுமார் 16 இலக்கத் துல்லியம் உள்ள கணக்கு முறையே கையாளப்படுகிறது. அம்முறையில் கன்சோலின் ஆறு பகுதிகளும் சேர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ 1,100 கோடி கணக்குகளே செய்யும். இ6600 பிராசஸரோ 1,920 கோடி செய்யும். முன்னர் நான்கு மடங்கு விஞ்சிய கன்சோல் இங்கே பின்தங்கிவிடுகிறது.

நினைவகத்திலும் இவ்வாறே. கன்சோலின் பிரதான நினைவகம் 256 மெகாபைட். அதைக் கூட்ட வழியில்லை. அக்காலக் கம்ப்யூட்டர்களில் 1 கிகாபைட் அல்லது 2 கிகாபைட் நினைவகம் சாதாரணமாக இருந்தது. தேவையானால் மேலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே 'எது வேகமானது' என்னும் கேள்வி தனித்து நின்றால் பொருளற்றது. எந்த வேலையில் வேகமானது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

விலை குறைந்த விதம்

பிளேஸ்டேஷன் 3 கன்சோல் 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. 60 கிகாபைட் தட்டு உள்ள கன்சோலின் விலை அமெரிக்காவில் 599 டாலர். ஐசப்ளை என்னும் சந்தை ஆராய்ச்சி ஸ்தாபனம் அக்கன்சோலைப் பிரித்துப் பார்த்து, உறுப்புகளுக்கும் தயாரிப்புக்கும் ஏறத்தாழ 840 டாலர் ஆகியிருக்கும் என மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டின்படி, விற்கப்பட்ட ஒவ்வொரு கன்சோலிலும் கம்பெனிக்கு 241 டாலர் நஷ்டம்.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். வினாடிக்கு 15,360 கோடி என்னும் உச்ச வேகத்தை 599-ஆல் வகுத்தால், வாங்குபவருக்கு ஒரு டாலருக்கு 25.6 கோடி கணக்குகள் கிடைத்தன. அதே வேகத்தை 840-ஆல் வகுத்தால் 18.3 கோடியே கிடைக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை விஞ்ஞானத்தின் வெற்றியால் விளைந்ததன்று. கம்பெனி தன் கையிலிருந்து போட்ட பணத்தால் விளைந்தது.

எந்தக் கம்பெனியும் காரணமின்றி நஷ்டத்துக்கு விற்பதில்லை. கன்சோலுக்கான விளையாட்டுகளை வெளியிடும் பிற ஸ்தாபனங்கள் ஒவ்வொரு பிரதிக்கும் கன்சோல் கம்பெனிக்கு உரிமைக் கட்டணம் செலுத்துகின்றன. இணையக் கடையில் விற்கப்படும் விளையாட்டுகளில் சுமார் 30 சதவீதம் அக்கம்பெனிக்குச் சேருவது வழக்கம். கன்சோலில் விட்ட பணம் இவ்வாறு ஆண்டுகள் பலவற்றில் சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் அதிகாரி ஒருவர், எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களின் விற்பனையில் லாபம் கண்டதேயில்லை என 2021-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் சாட்சியம் அளித்தார். கம்ப்யூட்டர் வியாபாரிக்கு இத்தகைய பிற்கால வருமானம் இல்லாமையால் அவர் தம் லாபத்தை விலையிலேயே சேர்த்துக்கொள்கிறார். ஆகவே கன்சோலின் விலைச்சீட்டில் காணப்படுவது முழு விலை அன்று. மீதியை வாங்குபவர் பின்னர் விளையாட்டுகளின் மூலம் தவணையாகச் செலுத்துகிறார்.

ஆராய்ச்சிசாலைகளில் கன்சோல்

விளையாட்டே வாங்காமல் கன்சோலை மட்டும் வாங்குபவருக்கு இந்த ஏற்பாடு பெரும் ஆதாயம். விஞ்ஞானிகள் இதை விரைவில் உணர்ந்தனர். 2003-லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்திலுள்ள சூப்பர் கம்ப்யூட்டர் நிலையத்தில் 70 பிளேஸ்டேஷன் 2 கன்சோல்களைக் கொண்டு ஒரு பரிசோதனை யந்திரம் அமைக்கப்பட்டது. 2007-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக் கழகத்தின் டார்ட்மத் கிளையில் பௌதிகப் பேராசிரியர் கௌரவ் கன்னா 8 பிளேஸ்டேஷன் 3 கன்சோல்களை இணைத்து, கருந்துளைகளிலிருந்து எழும் ஈர்ப்பலைகளைப் பற்றிய கணக்குகளைச் செய்தார். சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் வாடகைக்குப் பெறும் செலவு அவருக்கு இதனால் குறைந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் தொடங்கிய 'ஃபோல்டிங் அட் ஹோம்' என்னும் திட்டம் வேறொரு வழியைக் கையாண்டது. புரதங்கள் மடியும் விதத்தை ஆராயும் அத்திட்டத்தில், வீடுகளில் சும்மா இருக்கும் கன்சோல்கள் 2007 மார்ச் முதல் இணையம் வழியே பங்கு கொண்டன. அவ்வாண்டு செப்டம்பரில் திட்டத்தின் மொத்த வேகம் வினாடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகளைக் கடந்தது. கன்சோல்களின் இப்பங்கு 2012 நவம்பரில் முடிவுற்றது.

இவ்வரிசையில் மிகப் பெரியது காண்டர். கன்சோல்களோடு 168 கிராபிக்ஸ் பிராசஸர்களும், வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் 84 சர்வர்களும் அதில் இருந்தன. மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் டாலர். உச்ச வேகம் வினாடிக்கு 500 லட்சம் கோடி கணக்குகள். ராடார் படங்களை ஆராய்வது பல பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கத் தக்க வேலை; அதற்குக் குறைந்த இலக்கத் துல்லியமே பெரும்பாலும் போதும். ஆகவே கன்சோலின் பலம் அங்கே முழுமையாகப் பயன்பட்டது. அதன் பலவீனம் வெளிப்படவில்லை.

அதிகத் துல்லியம் தேவையான இடத்தில் கன்சோல் பிராசஸரை அவ்வாறே எடுத்துக்கொள்ள இயலவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிசாலையில் நிறுவப்பட்ட 'ரோட்ரன்னர்' யந்திரம், 2008-ல் வினாடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள் என்னும் எல்லையைச் சோதனையில் தாண்டிய முதல் சூப்பர் கம்ப்யூட்டராகும். அதில் 16 இலக்கக் கணக்குகளுக்கென்றே திருத்தி அமைக்கப்பட்ட செல் பிராசஸர்கள் 12,960 இடம்பெற்றன. அவை கன்சோல் கடையில் கிடைப்பவை அல்ல.

மூடப்பட்ட வழி

இந்த ஆராய்ச்சிசாலைகள் கன்சோலில் தம் புரோகிராம்களை இயக்கியது, தயாரிப்பாளர் விட்டிருந்த ஒரு வழியால்தான். பிளேஸ்டேஷன் 3 கன்சோலில் லினக்ஸ் முதலிய வேறு இயக்கு மென்பொருள்களை நிறுவிக்கொள்ளும் வசதி ஆரம்பத்தில் இருந்தது. 2009 செப்டம்பரில் வெளிவந்த மெல்லிய கன்சோலில் அவ்வசதி இல்லை. 2010 ஏப்ரல் 1-ஆம் நாள் வெளியிடப்பட்ட மென்பொருள் திருத்தம், பழைய கன்சோல்களிலிருந்தும் அதை நீக்கியது. பாதுகாப்பு நோக்கமே காரணம் எனக் கம்பெனி அறிவித்தது. திருத்தத்தை ஏற்க மறுப்பவர்கள் பழைய வசதியை வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இணைய விளையாட்டில் கலந்துகொள்ள முடியாது. வாங்கியவர்களிற் சிலர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் கம்பெனி இழப்பீடு அளிக்க உடன்பட்டது.

முன்னரே வாங்கி வைத்திருந்த ஆராய்ச்சிசாலைகளின் கன்சோல்கள் திருத்தத்தை ஏற்காமல் தொடர்ந்து இயங்கின. ஆனால் ஒரு கன்சோல் பழுதடைந்தால் அதற்கு ஈடாக மற்றொன்றைக் கடையில் வாங்கும் வழி அற்றுப்போயிற்று. மலிவாகக் கிடைத்த யந்திரத்தை நம்பி அமைக்கப்பட்ட வேலை, வேறொருவர் செய்த முடிவால் வளர இயலாத நிலையை அடைந்தது. விலைச்சீட்டில் காணப்படாத செலவுகளில் இதுவும் ஒன்றாகும்.

2013-க்குப் பின்

2013-ல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டு கன்சோல்களிலும், சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்குரிய வகையைச் சேர்ந்த ஏ.எம்.டி. பிராசஸர்களே அமைந்தன. செல் போன்ற தனி வகை கைவிடப்பட்டது. அதுமுதல் கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் உறுப்புகளில் உள்ள வேற்றுமை மிகவும் குறைந்துவிட்டது.

2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 கன்சோலின் கிராபிக்ஸ் பகுதி, உச்ச நிலையில் வினாடிக்கு 10.28 லட்சம் கோடி கணக்குகள் செய்ய வல்லது. வட்டுத் தட்டு உள்ள கன்சோலின் விலை அமெரிக்காவில் 499 டாலர். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அதே 2020-ல் அறிவிக்கப்பட்ட என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3070 என்னும் கிராபிக்ஸ் கார்டின் உச்ச வேகம் வினாடிக்கு 20.3 லட்சம் கோடி; அதன் அறிவிக்கப்பட்ட விலையும் 499 டாலரே. எண்ணில் கார்டு இரு மடங்கு. ஆனால் வெவ்வேறு அமைப்புள்ள பிராசஸர்களின் உச்ச வேகங்களை நேருக்கு நேர் வைத்து விளையாட்டுத் திறனைக் கூறிவிட இயலாது. மேலும் கார்டு தனியே இயங்காது. பிராசஸர், நினைவகம், தட்டு, மின்சாரப் பகுதி, பெட்டி ஆகியவற்றை வேறாக வாங்க வேண்டும். கன்சோலிலோ அனைத்தும் அத்தொகைக்குள் அடங்கியிருந்தன.

விளையாட்டில் திறனுக்கு உண்மையான அளவுகோல், வினாடிக்கு எத்தனை படங்கள் திரையில் தோன்றுகின்றன என்பதே. 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின் ஒவ்வொரு படத்தையும் வினாடியின் 60-இல் ஒரு பங்குக்குள் வரைந்து முடிக்க வேண்டும். அகலவாட்டில் 3,840 புள்ளிகளும் உயரவாட்டில் 2,160 புள்ளிகளும் உள்ள திரையில் மொத்தப் புள்ளிகள் 82,94,400. வினாடிக்கு 60 படங்கள் எனின், ஏறத்தாழ 50 கோடி புள்ளிகளுக்கு நிறம் நிர்ணயிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் விளையாடுபவர் படத்தின் நயத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டலாம். வசதி வந்தபின் கார்டை மாற்றிக்கொள்ளலாம். கன்சோலில் இத்தேர்வு பெரும்பாலும் விளையாட்டை எழுதியவரிடமே இருக்கிறது.

குடும்பச் செலவுக் கணக்கு

ஐந்து ஆண்டுகளுக்கான ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். கன்சோலின் விலை 499 டாலர். பிறருடன் இணையத்தில் விளையாட வேண்டிய ஆண்டுச் சந்தா, கன்சோல் வெளிவந்த காலத்தில் 60 டாலராக இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 300 டாலர். கம்ப்யூட்டரில் பொதுவாக இச்சந்தா இல்லை. இருபது விளையாட்டுகள் வாங்குவதாகவும், கம்ப்யூட்டருக்குரிய கடைகளில் போட்டியின் காரணமாக ஒவ்வொன்றும் சராசரி 10 டாலர் மலிவாகக் கிடைப்பதாகவும் கொண்டால், அதில் 200 டாலர் வேற்றுமை. ஆகக் கன்சோலின் பக்கம் 999 டாலர். ஆரம்பத்தில் 1,000 டாலர் பெறும் ஒரு கம்ப்யூட்டர், பாதி விலையில் தோன்றிய கன்சோலுக்கு இவ்வாறு சமமாகிவிடுகிறது.

பிள்ளைகளின் படிப்புக்கோ வீட்டுக் கணக்குக்கோ எப்படியும் 500 டாலரில் ஒரு கம்ப்யூட்டர் தேவைப்படும் குடும்பமாயின், அத்தொகையும் கன்சோலின் பக்கம் சேரும். அப்பொழுது 1,499-க்கு எதிராக 1,000. மாறாக, சந்தா கட்டாமல், ஆண்டுக்கு இரண்டொரு விளையாட்டு வட்டுகளை வாங்கி, ஆடி முடித்தபின் விற்றுவிடும் குடும்பத்துக்குக் கன்சோலே மலிவு. வட்டில்லாத கன்சோலில் விற்கும் இவ்வழியும் இல்லை. எனவே ஒரே கன்சோல் ஒரு வீட்டில் சிக்கனமாகவும் அடுத்த வீட்டில் ஆடம்பரமாகவும் அமையக்கூடும்.

காலப்போக்கில் கன்சோலின் விலை குறையும் என்னும் பழைய நம்பிக்கையும் இப்போது தளர்ந்துள்ளது. 599 டாலருக்கு அறிமுகமான பிளேஸ்டேஷன் 3 வரிசையில் மூன்று ஆண்டுகளுக்குள் 299 டாலர் கன்சோல் வந்தது. பிளேஸ்டேஷன் 5 கன்சோலின் அமெரிக்க விலையோ 2025 ஆகஸ்டில் 549.99 டாலராக உயர்த்தப்பட்டது. சந்தாவும் 2023-ல் ஆண்டுக்கு 79.99 டாலராக ஏறியது.

இந்திய அனுபவம்

சிறு பிராசஸர்கள் பலவற்றை இணைத்துப் பெரிய யந்திரம் அமைக்கும் வழி இந்தியாவுக்குப் புதியதன்று. வெளிநாட்டிலிருந்து சூப்பர் கம்ப்யூட்டர் பெறுவதில் தடைகள் நேர்ந்தபோது, 1988-ல் புனே நகரில் சி-டாக் என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனம் நிறுவப்பட்டது. அதன் முயற்சியால் 1991-ல் 'பரம் 8000' உருவாயிற்று. டிரான்ஸ்பியூட்டர் என்னும் பிராசஸர்கள் அதில் இணைக்கப்பட்டன. அவை பிரிட்டனில் தயாராகி, எவரும் வாங்கக்கூடியவையாகச் சந்தையில் இருந்தன. அவற்றை ஒருங்கே இயக்கும் மென்பொருள் இந்தியாவிலேயே எழுதப்பட்டது. பின்னர் வந்த பரம் வரிசை யந்திரங்களில் வேறு பிராசஸர்கள் இடம்பெற்றன. அறிவும் மென்பொருளும் சொந்தமாக இருந்தமையால் அம்மாற்றம் சாத்தியமாயிற்று. கன்சோல்களால் ஆன யந்திரத்துக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேற்றுமை இதுவே.

கன்சோலைக் குறை கூறுவதற்கு இதில் இடமில்லை. ஒரு குடும்பம் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து விளையாடுவதற்கு அதைவிட எளியதும் ஆரம்பச் செலவு குறைந்ததுமான கருவி கிடைப்பது கடினம். ஆனால் வாங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எந்த வேலைக்காக அது வாங்கப்படுகிறது? ஐந்து ஆண்டுகளில் மொத்தச் செலவு யாது? அதில் எதை இயக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எவரிடம் உள்ளது? முதல் இரண்டு கேள்விகளுக்கும் விமானப் படையின் ஆராய்ச்சிசாலை நல்ல விடை கண்டது. மூன்றாவதற்கான விடை அதன் கையில் இல்லை. பாடம் எழுதவும் படிக்கவும் விளையாடவும் ஒரே யந்திரம் வாங்க எண்ணும் மாணவரின் வீட்டில் அம்மூன்றாவது கேள்வியையே முதலில் கேட்பது நலம்.